கல்வெட்டில் இருக்கும் பெயர் உங்களுடையதே

வயதில் எனக்கு இளையவரும் உறவில் எனக்கு மூத்தவருமாகிய சகலை அவர்களுக்கு, சின்ன மாப்பிள்ளை எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாக இருப்பது விசாரிக்காமலே தெரிந்த விஷயம், ஆகையால் விசாரிக்கவில்லை. உங்கள் மனைவி சௌக்கியமாக இருப்பதும் தெரியும். அக்காவும் தங்கையும் காலையில் எடுத்த போனைக் கீழே வைப்பதற்குள் எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது. சம்பிரதாயம் இத்தோடு முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கேயே சொல்லியிருப்பேன், வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. எல்லோருக்கும் பரிமாறி முடிந்த நேரமாகப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சதுப்பு நிலப் பூங்காவுல இருக்கே மிதவை நடைபாதை, அது முழுக்க முழுக்க சகலையோட மூளை. நான் வெறும் கையெழுத்துதான் போட்டேன். இத்தனை வருஷமா மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. வேணும்னா எழுதியே குடுத்துடறேன்" என்றீர்கள். கை கழுவ எழுந்த மாமனார் பாதியில் திரும்பி நின்று, "பெரிய மாப்பிள்ளைக்கு மனசு எவ்வளவு பெருசு பாத்தீங்களா" என்றார். கவனியுங்கள், நடைபாதை என்னுடையது என்று ஊரறிய ஆன அந்த நிமிஷத்திலும் பாராட்டு உங்கள் இலைக்குத்தான் போனது. என் கண்ணில் தண்ணீர் முட்டியதாக உங்கள் மனைவி சொல்லிவருவதாகக் கேள்வி. அது மிளகாய். இருந்தாலும் பொய் சொல்வானேன், அந்த வார்த்தைக்காக நான் இருபது வருஷம் காத்திருந்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போன பிறகுதான், நீங்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று புரிந்தது. அதற்கு வருகிறேன்.

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு அந்த வசதி இல்லை. அப்போது நாம் இருவரும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. சதுப்புக்கு நடுவே ஜனங்கள் நடந்துபோய்ப் பறவை பார்க்க ஒரு பாதை வேண்டும், ஆனால் சேற்றில் ஒரு தூண்கூட இறக்கக் கூடாது என்றார்கள். மிதக்க விடலாம் என்று சொன்னவன் நான். காற்றடைத்த பீப்பாய்கள், அவற்றின் மேல் மரச்சட்டம், சட்டத்தின் மேல் பலகை, தண்ணீர் ஏறினால் பாதையும் ஏறும், வற்றினால் கூடவே இறங்கும். எந்தப் பீப்பாய் எங்கே உட்கார வேண்டும் என்று படம் போட்டவனும் நான்தான். வேலை ஆரம்பிக்கும் வாரத்தில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுதை வயசில் குழந்தைகளுக்கு வருகிற வியாதி, இரண்டு கன்னமும் பூசணிக்காயாகிவிட்டன. நீங்கள் பழத்தோடு பார்க்க வந்தீர்கள். மெல்லவே முடியாதவனுக்குப் பழம், அது போகட்டும். கட்டிலோரம் உட்கார்ந்து, "திறப்பு விழாவுக்கு வர்ற பெரியவர் வாசல்ல நின்னு போட்டோ எடுக்கறப்போ பாதை ஆடிடக் கூடாது சகலை. நடுவுலேருந்து கொஞ்சம் பீப்பாயை உருவி வாசல்ல சேத்துக்கறேன். விழா முடிஞ்சதும் பழைய இடத்துலயே வெச்சுடலாம்" என்றீர்கள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். நான் வழியனுப்புவதாக நினைத்துக்கொண்டு நீங்களும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள்.

நான் கன்னம் வடிந்து வந்து பார்த்தால், வாசலில் பாதை பாறை மாதிரி நிற்கிறது, நடுவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் பொதுக்கென்று இறங்குகிறது. பக்கத்தில் புதுக் கல்வெட்டு. வடிவமைப்பும் மேற்பார்வையும் என்று போட்டு உங்கள் பெயர், உங்கள் பட்டம், பட்டத்துக்குப் பின்னால் ஒரு கோடு, அதற்கும் பின்னால் இன்னொரு பட்டம். பீப்பாய்களைத் திருப்பி வைக்கலாம் என்றேன். திறந்துவிட்ட பாதையைக் கழற்ற மேலிட அனுமதி வேண்டும் என்றார்கள். மேலிடத்தைப் பார்த்தால் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் மிதப்பு குறைந்து நான் பார்த்ததே இல்லை, நடைபாதைக்குத்தான் அது போதாமல் போயிற்று. நான் இங்கேயே பராமரிப்புப் பொறியாளனாக உட்கார்ந்து, "நடுவுல ஏன் சார் இறங்குது" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டை எதுவும் செய்யவில்லை. அதற்கு நேர் மேலே உள்ள கிளையில் கொக்குகள் அடையும். அவை செய்வதைச் செய்துகொண்டிருந்தன, நான் யாரையும் துடைக்கச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இப்போது பாதை கிழடாகிவிட்டது. பலகை மக்கிவிட்டது, சட்டம் நெளிந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று உத்தரவு. மாற்று என்று சொல்வது சுலபம், மாற்றிப் பாருங்கள் தெரியும். சதுப்பு ரொம்ப மென்மையான இடமாம், ஆகையால் இயந்திரம் கூடாது. படகில் போய்க் கையால் கழற்ற வேண்டும். சுத்தியல் சத்தம் கூடாது, பறவை மிரளும். ஆகவே திருப்புளியால் திருப்ப வேண்டும். திருகாணியெல்லாம் துருப்பிடித்து மரத்தோடு மரமாக இருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் விடலாம் என்றால் எண்ணெய் தண்ணீரில் கலக்கும், கூடாது. கூடு கட்டும் காலத்தில் யாரும் காலே வைக்கக் கூடாது. அந்தக் காலம் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று அனுமதி கேட்டு அனுப்பினேன். அனுமதி உங்கள் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கி என் கைக்கு வந்து சேர்ந்த அன்று பறவைகள் முட்டை போட்டுவிட்டன. பறவைக்குத் தெரிகிற காலம் உங்கள் ஆபீசுக்குத் தெரியவில்லை, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல.

சரி, அதுவரைக்கும் யாரும் விழுந்துவிடாமல் நடுப்பகுதியில் ஒரு எச்சரிக்கை போர்டாவது வைப்போம் என்று, "இங்கே கூட்டமாக நிற்காதீர்கள்" என மூன்றே வார்த்தை எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினேன். உங்கள் ஆட்கள் அதைத் திருத்தி, எந்த விதியின் எந்தப் பிரிவின்படி கூட்டமாக நிற்கக் கூடாது, கூட்டம் என்றால் என்ன, நின்றால் யார் பொறுப்பு, யார் பொறுப்பில்லை என்று ஒரு முழுப் பக்கம் ஆக்கி அனுப்பினார்கள். போர்டின் அளவைக் கூட்டச் சம்மதிக்கவில்லை, பறவைக்கு மறைக்குமாம். அத்தனையும் உள்ளே அடங்க எழுத்து எறும்பு எறும்பாகப் போயிற்று. கூட்டமாக நிற்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளவே கூட்டமாக நின்றாக வேண்டும், அப்படி ஒரு போர்டு.

போன வியாழக்கிழமை புது இயக்குநர் தம் கமிட்டியோடு பாதையைப் பார்வையிட வந்தார். நல்ல கனமான மனிதர், சரீரத்திலும் சரி, சுபாவத்திலும் சரி. கூடவே நம் பறவை ஆராய்ச்சியாளர் அம்மாள், எப்போதும் கழுத்தில் பைனாகுலரோடு திரிவாரே, அவர். நேராக நடுப்பகுதிக்குப் போனார்கள். போர்டைப் பார்த்ததும் முன்னால் போனவர் நின்று படிக்க ஆரம்பித்தார். பின்னால் இருந்தவர், "என்ன எழுதியிருக்கு" என்று நெருங்கினார். இயக்குநர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "சார், கொஞ்சம் தள்ளித் தள்ளி" என்று நான் சொல்ல வாயெடுத்தால், "இருங்க, படிக்கறேன்ல" என்று ஒரு அதட்டல். பாதை அவசரப்படவில்லை. மரியாதையாக, மெதுவாக, எல்லோரையும் சமமாகத் தாங்கிக்கொண்டு இறங்கியது. தண்ணீர் ஷூவுக்குள் போனது, பிறகு கால்சட்டைக்குள் போனது. இயக்குநர் நகராததால் ஒருவரும் நகரவில்லை.

"இது வழக்கமா இப்படித்தானா?" என்றார்.

"ஆள் கூடினா கொஞ்சம் இறங்கும் சார்."

"கொஞ்சமா?" அப்போது தண்ணீர் அவர் முழங்காலில் இருந்தது.

திரும்பி ஓடலாம் என்று ஒருவர் காலைத் தூக்கினார். பறவை அம்மாள் கையை நீட்டித் தடுத்தார். "யாரும் அசையாதீங்க. கூடு இருக்கு." பார்த்தால் பாதையின் விளிம்பை ஒட்டி, அழுகின கோரையைக் குவித்து வைத்த மாதிரி ஒரு கூடு மிதக்கிறது. முக்குளிப்பான், கைக்குள் அடங்குகிற வாத்து மாதிரி இருக்குமே, அது எங்கிருந்தோ முங்கி இயக்குநரின் முழங்காலுக்குப் பக்கத்தில் எழுந்தது, அவரை ஏற இறங்கப் பார்த்தது, பிறகு சாவகாசமாகக் கூட்டில் ஏறி உட்கார்ந்தது. அது உட்கார்ந்து இறகைச் சரி செய்து முடிக்கும்வரை ஒரு கமிட்டி முழுவதும் முழங்கால் தண்ணீரில் மூச்சு விடாமல் நின்றது. என் உத்தியோக வாழ்க்கையில் மேலதிகாரிகள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

கரையேறி, டிக்கெட் கவுண்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து இயக்குநர் சாக்ஸைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே, "இதை டிசைன் பண்ணது யாரு?" என்று கேட்டார். சகலை, இந்தக் கேள்வியை ஒரு மேலதிகாரி என் முகத்துக்கு நேரே கேட்க மாட்டாரா என்று நான் ஏங்காத நாள் இல்லை. கேட்டுவிட்டார். நான் சொன்னேன், "கல்வெட்டுல பேர் இருக்கு சார்."

அவர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். கொக்குகள் ஒரு எழுத்தை மிச்சம் வைக்கவில்லை. "ஒண்ணும் தெரியலையேய்யா" என்றார். கவுண்டர் ஜன்னல் வழியாக டிக்கெட் கொடுக்கிற அம்மாள் தலையை நீட்டி, "ஏன் சார், நீங்க போட்டதுன்னு தெனமும் சொல்லுவீங்களே, மறந்துட்டீங்களா?" என்றாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் ஜன்னலையே சாத்தினாள். இயக்குநர் சாக்ஸை ஒரு கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பாருங்கள், என் நிலைமையை. இது நான் போட்டது, பேர் மட்டும் அவருடையது என்று டிக்கெட் அம்மாளிடமும், தோட்டக்காரரிடமும், சொந்தக்காரர் ஒருவர் விடாமலும் இருபது வருஷமாகப் புலம்பியிருக்கிறேன். ஆறுதலுக்குப் புலம்பினேன் என்று நினைத்தேன். எனக்கு எதிராகச் சாட்சி சேர்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை உத்தரவு மேசைமேல் இருந்தது. நடைபாதையின் குறைபாட்டுக்குக் காரணமான வடிவமைப்பாளர் யார் என்று விசாரிக்க வேண்டும், அவர் இன்னும் பணியில் இருந்தால் பதவி உயர்வை நிறுத்திவைக்க வேண்டும். என் பதவி உயர்வு, உங்களுக்குத் தெரியாததா, இத்தனை காலம் கழித்து இப்போதுதான் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. அந்த உத்தரவு கிளம்பிய மாடியில்தான் உங்கள் அறை. வெள்ளிக்கிழமையே பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை யோசித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மனசு உறுத்தியது.

இதை என் மனைவியிடம் சொன்னால், "அத்தான் சொன்னதுல என்ன தப்பு? நீங்க இவ்ளோ வருஷமா அதைத்தானே கேட்டுட்டு இருந்தீங்க. இப்ப குடுக்கறார், வாங்கிக்க மாட்டேங்கறீங்க. உங்களுக்குக் கேக்கறதுதான் பிடிக்கும்போல" என்கிறாள். "எப்பக் குடுக்கறார்னு பாரு" என்றேன். "குடுக்கறவங்க அவங்க வசதிக்குத்தான் குடுப்பாங்க" என்றாள். மாமனார் வீட்டு நியாயம் அது, எனக்குப் புரியாது.

ஆகவே சகலை அவர்களே, தெளிவாக, ஆற அமர யோசித்து, சுயநினைவோடு எழுதுகிறேன். அந்த நடைபாதைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கல்வெட்டில் இருக்கும் பெயர் உங்களுடையதே. முக்கியமாக நடுப்பகுதி. அந்தப் பள்ளம் அடிமுதல் நுனிவரை உங்கள் சிந்தனை, உங்கள் செயல், அதில் என் பங்கு ஒரு பீப்பாய்கூட இல்லை, அது வேண்டாம் என்று படுக்கையிலிருந்தே கையை ஆட்டித் தடுத்தவன் நான். என் பெயரை எந்தக் கல்லிலும் எந்தத் தாளிலும் எக்காலத்திலும் போட வேண்டாம். நீங்கள் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னதை எழுதாதீர்கள், எழுதியிருந்தால் கிழித்துவிடுங்கள். ஏதோ நல்லது பண்ற மாதிரி வந்து, கழுத்துல மாலைய போட்டு, அந்த மாலைய பிடிச்சே தண்ணிக்குள்ள தள்ளிவிடற வேலையெல்லாம் இனிமே என்கிட்ட வேணாம். போதும் சாமி.

வயதுப்படி உங்களுக்கு ஆசி சொல்ல வேண்டும், உறவுப்படி வணக்கம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மனம் வராததால் இரண்டையும் உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடவும். மாமனாரிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், என்ன கேட்டேன் என்று கேட்பார்.

இப்படிக்கு,
எந்தப் பாதையையும் வடிவமைக்காத
உங்கள் சகலை.

பின்குறிப்பு: இதை மடித்து வீட்டு மேசைமேல் வைத்த சமயம் இயக்குநர் வந்திருப்பதாக ஆள் வந்து கூப்பிட்டார், போட்டது போட்டபடி ஓடினேன். பாதை வாசலில் அவரும் பறவை அம்மாளும் நின்றிருந்தார்கள். அம்மாள் சதுப்பு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டாராம். "நடுப்பகுதி தண்ணி மட்டத்துலயே கிடக்கறதாலதான் முக்குளிப்பான் அதை ஒட்டிக் கட்டுது சார். வேற எந்த இடத்துலயும் இவ்ளோ கூடு இல்ல. இதைப் பிரிச்சா போச்சு" என்றார். ஆகவே பழைய பாதையின் நடுப்பகுதியை எடுக்கப் போவதில்லை. அதை அப்படியே பறவைகளுக்கு விட்டுவிட்டு, புதுப் பாதை சற்றுத் தள்ளிச் சுற்றிக்கொண்டு போகும். தம் முழங்காலுக்குப் பக்கத்தில் எழுந்த பறவைக்கு வீடே இதுதான் என்று கேட்டதும் இயக்குநர் ஆளே மாறிவிட்டார். "பறவைக்கு எந்த மட்டம் தோதுப்படும்னு அந்தக் காலத்துலயே யோசிச்சுப் பண்ணியிருக்கான்யா ஒருத்தன். யாருய்யா அவன்?" என்று என்னிடமே கேட்டார். விசாரணை போய்ப் பாராட்டு வந்துவிட்டது, புதுக் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள். நான் டிக்கெட் அம்மாளை ஆவலோடு பார்த்தேன். அவள், "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், கல்லுல பேர் இருக்குன்னு இவர்தான் சொன்னார்" என்றாள். கல் தப்பு சார் என்றேன். அப்படியானால் கல்லில் பெயர் உள்ளவரிடமே எழுதி வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

ஆகையால் மேலே எழுதியிருப்பதை ஒரு அசதியில் எழுதியதாக எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி எழுதி அனுப்பி வைக்கவும். நடுவில் பீப்பாயைக் குறைக்கச் சொன்னது நான்தான் என்பது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. கன்னம் வீங்கியிருந்ததால் வாயால் சொல்ல முடியாமல் கையை ஆட்டிச் சொன்னேன், நீங்கள்தான் குறிப்பறிந்து செய்தீர்கள். உங்களைப் போலக் குறிப்பறியக்கூடிய சகலை யாருக்கு வாய்ப்பார். கல்லைத் துடைக்க ஆள் அனுப்பியிருக்கிறேன்.

மறு பின்குறிப்பு: நான் வெளியே போயிருந்த நேரத்தில் என் மனைவி இந்தக் கடிதத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து என் கையெழுத்துவரை உங்கள் மனைவிக்குப் போனில் படித்துக் காட்டிவிட்டாளாம். பின்குறிப்பு அப்போது இல்லை. என் பெயரை எந்தத் தாளிலும் போட வேண்டாம் என்ற இடம் வந்ததும், "கொஞ்சம் மெதுவா படிம்மா" என்று நடுவில் உங்கள் குரல் கேட்டதாகவும், பேனா எடுத்து எழுதிக்கொண்டதாகவும் சொல்கிறாள்.